திருச்சிக்கு ஒரு மணித்தியாலம், கட்டுநாயக்கவுக்கு ஐந்து

கட்டுநாயக்கவிலிருந்து திருச்சிக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 420 கி.மீ. பறந்து போக ஒரு மணித்தியாலம். இணையத்தில் இரண்டு விமான நிலையங்களின் பெயரைத் தட்டினால் கண் மூடித் திறப்பதற்குள் இந்த விடை வந்து விழும். விடையில் பிழை கிடையாது. ஆனால் மலையகத்தில், ஹட்டனில் இருக்கிற ஒருவர் இதை மட்டும் நம்பி வீட்டை விட்டுக் கிளம்பினால், அவர் கட்டுநாயக்கவுக்கு வந்து சேரும்போது விமானம் திருச்சியில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பி வந்திருக்கும்.

நான் தோட்டப்புறப் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பிக்கிறவன். பைதகரசின் தேற்றம் நடத்தும் தவணையில் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைக் கொடுப்பது வழக்கம். ஏணி சுவரில் சாய்ந்திருக்கிறது, அடி எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று கேட்டால் தூங்கிப் போகிற பிள்ளைகள்கூட, திருச்சிக்கு எவ்வளவு தூரம் என்றால் நிமிர்ந்து உட்காருவார்கள். பாதிப் பேர் வீட்டில் யாரோ ஒருவருக்கு அங்கே சொந்தம் இருக்கிறது.

கணக்கு ரொம்ப எளிது. கட்டுநாயக்க வட அகலாங்கு 7 பாகை 11 கலை. திருச்சி 10 பாகை 46 கலை. ஒரு பாகைக்கு 60 கலை, ஆக வித்தியாசம் 215 கலை. வடக்கு தெற்காக ஒரு கலை நகர்ந்தால் ஒரு கடல்மைல், அதாவது 1.852 கி.மீ. ஆகவே வடக்கே 215 கடல்மைல். கிழக்கு மேற்காகப் பார்த்தால் 79 பாகை 53 கலைக்கும் 78 பாகை 43 கலைக்கும் இடையில் 70 கலை. நெடுங்கோடுகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்குவதால் நம் பக்கத்தில் அதைச் சற்றுக் குறைத்து 69 கடல்மைல் என்று வைத்துக்கொள்ளலாம். 215இன் வர்க்கமும் 69இன் வர்க்கமும் கூட்டி மூலம் எடுத்தால் ஏறக்குறைய 226. கிலோமீற்றரில் 418. பூமி உருண்டை என்பதைக் கணக்கில் எடுத்துக் கோளக் கணிதத்தில் போட்டாலும் இவ்வளவு சிறிய தூரத்தில் பெரிய வித்தியாசம் வராது. செயற்கைக்கோளும் வேண்டாம், செயலியும் வேண்டாம். ஓர் அப்பியாசக் கொப்பியின் கால் பக்கம் போதும்.

நேரம்தான் கொஞ்சம் சிக்கலானது. இந்த இணையக் கணிப்பான்கள் பெரும்பாலும் ஒரே சூத்திரத்தை வைத்திருக்கின்றன. ஜெட் விமானம் மணிக்குச் சுமார் 800 கி.மீ. போகும் என்று கொண்டு தூரத்தை வகுத்து, ஏறி இறங்குவதற்கு அரை மணித்தியாலத்தை மேலே போட்டுவிடும். 418ஐ 800ஆல் வகுத்தால் 31 நிமிடம், அதோடு 30. ஒரு மணித்தியாலம் வந்துவிட்டது. டிக்கட்டில் அச்சடித்திருக்கும் நேரமும் கிட்டத்தட்ட இதுதான், ஆனால் அது வேறு வழியில் வருகிறது. விமானம் நின்ற இடத்திலிருந்து அசையத் தொடங்கியதிலிருந்து, போய் நின்று சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் வரைக்கும் உள்ள நேரம் அது. ஓடுபாதை வரை உருண்டு போவது, முன்னால் நிற்கும் இரண்டு விமானம் கிளம்பும் வரை காத்திருப்பது, அங்கே இறங்கியபின் ஊர்ந்து வருவது எல்லாம் அதில் அடக்கம். தரையை விட்டு எழும்பி மறுபடி தரையைத் தொடுவதற்கு முக்கால் மணித்தியாலம் அல்லது கொஞ்சம் கூட. ஒரு பன்னும் தண்ணீர்ப் போத்தலும் கொடுத்து அந்த உறையைப் பிரிப்பதற்குள் காது அடைக்கத் தொடங்கும். அதற்குள்ளேயே இறங்குகிறோம்.

இன்னொன்றும் உண்டு. விமானம் நேர்கோட்டில் போவதில்லை. கட்டுநாயக்க ஓடுபாதை வடகிழக்கு தென்மேற்காகக் கிடக்கிறது; திருச்சியோ வடக்கே, சற்று மேற்கு சாய்ந்து இருக்கிறது. தென்மேல் பருவக் காற்று அடிக்கிற மாதங்களில் விமானம் காற்றை எதிர்த்துக் கடல் பக்கமாக எழும்பி, போக வேண்டிய ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் போய், அப்புறம் வலப்பக்கமாகத் திரும்பும். சின்னப் பயணத்தில் இந்த மாதிரிச் சுற்றல்கள் எல்லாம் பெரிய பங்கை எடுத்துக்கொள்ளும்.

இதை நன்றாகக் காட்டுவது பலாலி. 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்று பெயர் வைத்துத் திறந்து, அடுத்த மாதமே சென்னையிலிருந்து விமானம் வரத் தொடங்கியது. இடையில் கொரோனா வந்து நின்றது, பிறகு தொடர்ந்தது. 2025 மார்ச் கடைசியில் இண்டிகோ திருச்சிக்கும் பலாலிக்கும் இடையில் சேவை தொடங்கியது. இரண்டு ஊருக்கும் நேர்கோட்டுத் தூரம் வெறும் 184 கி.மீ. கட்டுநாயக்க தூரத்தில் பாதிகூட இல்லை. ஆனால் நேர அட்டவணையில் அதற்கும் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்தான் போட்டிருக்கிறார்கள். காரணம், அங்கே பறப்பது ஏ.டி.ஆர். 72, சுழலி வைத்த விமானம். மணிக்கு 500 கி.மீ. பக்கம்தான் அதன் வேகம். ஏறுவது, வளைவது, வரிசையில் நின்று இறங்குவது எல்லாம் தூரம் குறைந்ததற்காகக் குறைந்துவிடாது. கட்டுநாயக்கவிலிருந்து எயார்பஸ் அவ்வளவு தூரத்தையும் அதே நேரத்தில் முடித்துவிடுகிறது. கிலோமீற்றரைப் பார்த்துப் பறக்கும் நேரத்தை ஊகிக்கிறவர்களுக்கு இந்த இரண்டு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும்.

பலாலி திறந்ததும் எங்கள் பக்கத்தில் பலர் சந்தோஷப்பட்டார்கள். நம் நாட்டிலேயே திருச்சிக்கு மிக அருகில் இருக்கிற விமான நிலையம் அல்லவா? ஆனால் ஹட்டனிலிருந்து பலாலிக்கு எப்படிப் போவது? கண்டிக்கு 70 கி.மீ. இறங்கி, அங்கிருந்து ஏ 9 வீதியில் யாழ்ப்பாணம் வரை 321 கி.மீ. போக வேண்டும். ஆக, விமானம் ஏறுவதற்காகத் தரையில் போகிற தூரம், கட்டுநாயக்கவிலிருந்து திருச்சி வரை வானத்தில் போகிற தூரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. கிளிநொச்சி, வவுனியாக் காரர்களுக்கு அது வரப்பிரசாதம். 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறின எங்கள் சனங்களுக்கும் அப்படித்தான். மலையிலேயே இருக்கிறவர்களுக்கு இல்லை.

சரி, கட்டுநாயக்கவுக்கு வருவோம். ஹட்டன் நகரத்திலிருந்து நேர்கோட்டில் 85 கி.மீ.தான். தரையில் போனால் பாதையைப் பொறுத்து 130 முதல் 150 கி.மீ. ஹட்டன் கடல்மட்டத்திலிருந்து 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, கட்டுநாயக்க கடலோரம். அந்த 1,270 மீற்றரையும் பாதை வளைந்து வளைந்துதான் இறக்கி விட வேண்டும். கினிகத்தேனை, கித்துல்கலை, யட்டியாந்தோட்டை, கரவனெல்லை, அவிசாவளை என்று ஊர்ப் பெயர்கள் எனக்குப் பாடம். கினிகத்தேனையிலிருந்து இறங்கும் வளைவுகளில் வேனின் பின் ஆசனத்தில் இருக்கும் சிறுசுகள் ஒவ்வொன்றாக அமைதியாகும். அந்த அமைதி நல்லதுக்கில்லை என்று அம்மாமாருக்குத் தெரியும். எலுமிச்சம்பழமும் சிலிசிலிப் பையும் தயாராக இருக்கும். முதல் பிள்ளை வாந்தி எடுத்தவுடன் டிரைவர் வண்டியை ஓரம் கட்டுவார். இரண்டாவது பிள்ளைக்கு நிறுத்த மாட்டார்.

கித்துல்கலையில் தேத்தண்ணி. மலையிலிருந்து இறங்கியதும் முதல் முறையாகச் சூடு தெரிகிற இடம் அதுதான். வீட்டில் போட்டுக்கொண்டு வந்த ஸ்வெட்டரை அங்கேதான் எல்லாரும் கழற்றுவார்கள். கழற்றிய ஸ்வெட்டரை எந்தப் பைக்குள் திணிப்பது என்ற சண்டையும் அங்கேதான் தொடங்கும், ஏனென்றால் கையில் கொண்டு போகிற பைக்கு ஏழு கிலோ என்று சொல்லியிருப்பார்கள். கடைத் தராசில் நிறுத்துப் பார்த்து அந்த ஏழு கிலோவையும் தேயிலைப் பக்கெட்டாலேயே நிரப்பியிருப்போம். திருச்சிச் சொந்தங்களுக்குத் தேயிலை இல்லாமல் போனால் மரியாதை இல்லை. அங்கே கடையில் நல்ல நீலகிரித் தேயிலை கிடைக்கும் என்று நான் பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். வீட்டில் எடுபடவில்லை.

அவிசாவளை தாண்டிக் கடுவலையில் அதிவேகப் பாதையில் ஏறிவிட்டால் மிச்சம் சுகம். கொழும்பு வெளிச்சுற்றுப் பாதையின் கடைசித் துண்டு 2019இல் திறந்த பிறகு, கடுவலையில் ஏறுகிற வேன் கெரவலப்பிட்டியில் போய்க் கட்டுநாயக்க அதிவேகப் பாதையைப் பிடித்துவிடுகிறது. அதற்கு முன் கொழும்பு நெரிசலுக்குள் நுழைந்துதான் வர வேண்டும். 2013 வரைக்கும் கட்டுநாயக்க அதிவேகப் பாதையும் இல்லை; பேலியகொடையிலிருந்து நீர்கொழும்பு வீதியில் ஒவ்வொரு சந்தியாக நின்று போன காலம் அது. ஆக, பாதையின் கீழ்ப்பாதி கடந்த பதினைந்து வருடத்தில் நன்றாகவே சுருங்கிவிட்டது. மேல்பாதி, அதாவது ஹட்டனிலிருந்து அவிசாவளை வரையுள்ள எழுபது கி.மீ. சொச்சம், அப்படியே இருக்கிறது. அகலப்படுத்தினார்கள், தார் போட்டார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் வளைவை யார் எடுக்க முடியும்? மழை பெய்தால் எங்காவது ஒரு மண்மேடு வீதிக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டின் வீதிகளும் ரயில் பாதையும் எந்தப் பாடுபட்டன என்பதை எல்லாரும் பார்த்தோம்.

எனவே காலை விமானத்துக்கு நள்ளிரவுக்கு முன்னாலேயே வீட்டை விட்டுக் கிளம்புகிறோம். திருச்சியில் இருக்கும் சித்தப்பா மகனுக்கு இது ஒவ்வொரு முறையும் வேடிக்கை. “அண்ணே, பிளைட்டு ஒரு மணி நேரந்தானே? அதுக்குப் போய் முந்தின நாள் ராத்திரியே எதுக்குக் கிளம்புறீங்க?” என்று போனில் கேட்பான். நான் கணக்கு வாத்தியார் ஆயிற்றே, கணக்காகவே சொல்லுவேன். வேனில் ஐந்து மணித்தியாலம். மூன்று மணித்தியாலம் முன்னால் வந்து நிற்கச் சொல்கிறார்கள். விமானம் ஒன்று. அங்கே குடிவரவு, சுங்கம், பெட்டி வரும் வரை நிற்பது இன்னொன்று. 2024இல் புதிய முனையம் வந்த பிறகு திருச்சியில் நெருக்கடி குறைந்திருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் ஒன்று என்கிறேன். அங்கிருந்து நம் சொந்த ஊர் துறையூருக்கு ஒன்றரை. மொத்தம் பதினொன்றரை. ஹட்டனுக்கும் துறையூருக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய 520 கி.மீ. சராசரி வேகம் மணிக்கு 45 கி.மீ. “பஸ்ஸு வேகங்கூட இல்லையேண்ணே” என்றான். அதேதான்.

கடிகாரத்தைப் பற்றி ஒரு சின்ன விஷயம், இளம் பிள்ளைகளுக்குத் தெரியாது. 1996இல் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இலங்கை நேரத்தை முன்னால் தள்ளினார்கள். 2006 ஏப்ரல் வரைக்கும் இந்தியாவை விட அரை மணித்தியாலம் முன்னால் இருந்தோம். அந்தக் காலத்து டிக்கட்டில் திருச்சிக்குப் போக அரை மணித்தியாலமும் திரும்பி வர ஒன்றரை மணித்தியாலமும் என்று தெரியும். போகும்போது சீக்கிரமாகப் போகிறது, வரும்போதுதான் இழுக்கிறது என்று எங்கள் தோட்டத்தில் ஒரு பெரியவர் அடித்துச் சொல்லுவார். காற்றுத்தான் காரணம் என்பது அவருடைய விளக்கம்.

வகுப்பில் இந்தக் கணக்கை முடித்தபிறகு நான் பிள்ளைகளைச் செய்யச் சொல்லும் இன்னொரு காரியம் இருக்கிறது. தேசப்படத்தில் கட்டுநாயக்கவையும் திருச்சியையும் அடிமட்டம் வைத்துப் பென்சிலால் இணைக்கச் சொல்லுவேன். கோடு கடலுக்குள் இறங்கி, புத்தளத்துக்கு மேற்கே போய், மன்னார் வளைகுடாவைக் கடந்து, இந்தியக் கரையைத் தொடும் இடம் எது என்று பார்க்க வேண்டும். பாம்பன். அந்த ரயில் பாலம் இருக்கிற பாம்பனேதான். பக்கத்தில் மண்டபம். விமானி கோட்டை அப்படியே பின்பற்ற மாட்டார் என்று மேலே சொன்னேன்; இருந்தாலும் வானம் தெளிவாக இருக்கிற நாளில், வலப்பக்க ஜன்னல் கிடைத்தவர்களுக்கு மணல் திட்டுகள் வரிசையாகத் தெரியும். மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு பார்த்தால் அந்த வெளிர் மஞ்சள் கோட்டுக்கு இரண்டு பக்கமும் கடலின் நிறம் வேறு வேறாக இருக்கும். சில நிமிடத்தில் இறக்கைக்குக் கீழே போய்விடும்.

எங்கள் ஆட்கள் வந்த வழி அது. தொடக்கத்தில், கோப்பிக் காலத்தில், தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கு வைத்தவர் இல்லை. 1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் விட்ட பிறகு பயணம் கோச்சியும் (ரயிலும்) கப்பலும் என்றானது. கடலில் முப்பது கி.மீ. சொச்சம், இரண்டு மணித்தியாலம் அளவில் கடந்துவிடலாம். ஆனால் அதற்கு முன்னால் மண்டபம் முகாமில் தங்க வைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்து, அம்மை குத்தித்தான் விடுவார்கள். எங்கள் கொள்ளுத்தாத்தா துறையூர்ப் பக்கத்திலிருந்து கங்காணியோடு வந்தவர். தலைமன்னாரில் இறங்கி, மதவாச்சி, மாகோ, பொல்காவலை என்று வந்து, பேராதனையில் திரும்பி மலையேறும் அந்தப் பாதையை அப்பாயி சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர் அதைச் சொல்லும்போது நாள் கணக்கு இருக்காது. “முகாமுல சோறு போட்டாக, அப்புறம் கப்பல்ல வாந்தி, அப்புறம் குளிரு” என்று மூன்று சொல்லில் முடித்துவிடுவார்.

அதே வழியில் ஆட்கள் திரும்பியும் போனார்கள். 1964 ஒக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, எங்கள் ஆட்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். மிச்சம் இருந்த 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கு போட்டார்கள். 1964 டிசம்பரிலேயே புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டதால் கப்பல் ராமேஸ்வரத்துக்குப் போக ஆரம்பித்தது. எழுபதுகளில் எங்கள் சித்தப்பா குடும்பம் அதில்தான் போனது. ஹட்டன் ஸ்டேசனில் கோச்சி கிளம்பும்போது எழும்பின அழுகையைப் பற்றி அப்பா பேச மாட்டார், அம்மாதான் சொல்லுவார். 1984இல் அந்தக் கப்பலும் நின்றது. அதன்பிறகு திருச்சிக்குப் போக வேண்டுமானால் விமானம் ஒன்றுதான் வழி, விமானத்துக்கோ கடவுச்சீட்டு வேண்டும், கடவுச்சீட்டுக்குப் பிரஜாவுரிமை வேண்டும். நாடற்றவர்களாக நின்றவர்களுக்கு முழுமையாக அந்தக் கதவு திறந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான். ஒரு மணித்தியாலப் பயணம் என்று டிக்கட்டில் அச்சடித்தபடியே எத்தனையோ வருடம் இருந்தது. அண்ணன் தம்பி முகம் பார்க்காமல் செத்துப் போனவர்களும் அந்த வருடங்களில்தான் இருந்தார்கள்.

இப்போது நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் கப்பல் ஓடுகிறது. நான்கு மணித்தியாலம் அளவில் போய்விடலாம் என்கிறார்கள். பலாலிக்குச் சொன்ன அதே கதைதான் அதற்கும். காங்கேசன்துறைக்கு முதலில் போய்ச் சேர வேண்டும்.

தூரத்தைப் பிழையாக மதிப்பிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் மலையிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 1974 டிசம்பர் 4, இரவு பத்து மணி தாண்டியிருக்கும். இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு மார்ட்டின் எயார் நிறுவனத்தின் டி.சி. 8 விமானம் ஒன்று வந்துகொண்டிருந்தது. கட்டுநாயக்கவில் இறங்கி எண்ணெய் அடித்துக்கொண்டு ஜித்தாவுக்குப் போக வேண்டும். ஏறக்குறைய 4,000 கி.மீ. பறந்தாயிற்று, மிச்சம் இருந்தது நாற்பது கடல்மைல், நம் கணக்கில் 74 கி.மீ. விமானத்தை ஓட்டியவர்கள் அந்த நாற்பதை மிகக் குறைவாக எண்ணிவிட்டார்கள். விமான நிலையத்துக்கு நெருங்கிவிட்டோம் என்று இறங்கத் தொடங்கினார்கள். இறங்கின இடத்தில் ஏழு கன்னியர் மலை நின்றது. 182 பயணிகளும் 9 பணியாளரும், மொத்தம் 191 பேர். ஒருவரும் தப்பவில்லை. விமானத்தில் இருந்த டொப்ளர் கருவியையும் வானிலை ராடாரையும் நம்பி, தாங்கள் இருக்கும் இடத்தைப் பிழையாகப் புரிந்துகொண்டதுதான் காரணம் என்று விசாரணை முடிவு சொன்னது. இலங்கை மண்ணில் நடந்த விமான விபத்துகளில் இன்றைக்கும் அதைவிடப் பெரியது இல்லை.

நோர்ட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியாப் பக்கத் தோட்டங்களில் அந்த இரவைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். மழையும் பனியுமாக இருந்த நேரத்தில் பெரிய வெளிச்சம், அப்புறம் சத்தம். இடி என்று நினைத்தவர்களும் உண்டு, மலை சரிகிறது என்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு லயத்தை விட்டு ஓடியவர்களும் உண்டு. விடிந்ததும் முதலில் மலையேறிப் போனவர்கள் தோட்டத்து ஆட்கள்தான். அட்டைக்கடியோடும் ஈரத்தோடும் ஏறிப் போய் என்ன பார்த்தார்கள் என்பதை அவர்கள் சொல்லும்போது நடுவில் நிறுத்திவிடுவார்கள். நானும் மேலே கேட்டதில்லை. இந்தக் காலத்து விமானத்தில் தரை நெருங்கினால் தானே சத்தம் போட்டு எச்சரிக்கும் கருவி இருக்கிறது, இடத்தைத் துல்லியமாகக் காட்டும் செயற்கைக்கோள் இருக்கிறது. அப்போது அவ்வளவு வசதி இல்லை. கட்டுநாயக்கவிலிருந்து 74 கி.மீ. என்றால் வேனுக்கு மூன்று மணித்தியாலம். அந்த விமானத்துக்குப் பத்து நிமிடம்கூட வேண்டியதில்லை.

அந்த மலைக்கு இந்தப் பக்கம் காசல்ரீ நீர்த்தேக்கம். அங்கே சில காலம் நீர்விமானம் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. சக்கரமும் மிதவையும் வைத்த சின்ன செஸ்னா. கட்டுநாயக்கவிலிருந்து ஏறத்தாழ அரை மணித்தியாலத்தில் வந்து, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இறங்கும். அதிலிருந்து இறங்குகிறவர்கள் பழைய துரைமார் பங்களாக்களில் தங்கப் போகிற வெளிநாட்டுக்காரர்கள். முதல் தடவை இறங்கினபோது கொழுந்து மலையில் நின்ற பெண்கள் எல்லாம் கூடையோடு திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பழகிவிட்டது, சத்தம் கேட்டாலும் கை நிற்காது.

நம் பக்கத்திலும் ஒரு சின்ன விமான நிலையம் வந்தால் என்ன என்று தேர்தல் காலத்தில் யாராவது கேட்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஓடுபாதைக்குச் சமதரை வேண்டும். நுவரெலியா மாவட்டத்தில் அவ்வளவு சமதரை இருந்தால் வெள்ளைக்காரன் அதிலும் தேயிலை நட்டிருப்பான். பனி எப்போது இறங்கும், எப்போது விலகும் என்று யாருக்கும் தெரியாது. அப்படியே கட்டினாலும் அந்த டிக்கட்டை எங்கள் சம்பளத்தில் யார் வாங்குவது? அந்தக் காசில் கினிகத்தேனைப் பாதையில் மண்சரிவு வருகிற இடங்களைக் கட்டிக் கொடுத்தால் எத்தனையோ பேருக்குப் பிரயோசனம். ஹட்டனிலிருந்து கொழும்புக்கு ரயில் பாதை 173 கி.மீ. 1884இல் ஹட்டனுக்குக் கோச்சி வந்தது. மலையேறும் பகுதியில் இன்றைக்கும் அதே ஒற்றைப் பாதை, ஐந்து மணித்தியாலம் அளவில் எடுக்கும். அதில் ஒரு மணித்தியாலத்தைக் குறைத்தால் நான் அதையே விமான நிலையம் என்று சொல்லத் தயார்.

திருச்சியிலிருந்து இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு மட்டும் கடைசியாக ஒன்று. கல்யாணம், கருமாதி, திருவிழா என்று வரும்போது மாலை விமானத்தில் ஏறாதீர்கள். ஏழு மணிக்கு இறங்கினால் எட்டரைக்கு வேன் கிளம்பும். கித்துல்கலை தாண்டும்போது பதினொரு மணி. அதற்கு மேலே பனி இறங்கியிருக்கும். டிரைவர் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி வெள்ளைக் கோட்டைப் பார்த்துப் பார்த்து ஓட்டுவார், நீங்கள் தூங்குவது போல நடிக்க வேண்டியிருக்கும். காலை விமானம் கிடைக்கவில்லையென்றால் நீர்கொழும்பில் ஓர் இரவு தங்கிவிட்டு விடிந்ததும் வாருங்கள். ஸ்வெட்டரைப் பெட்டிக்குள் பூட்டிவிடாமல் கைப்பையில் மேலாக வையுங்கள், கினிகத்தேனையில் தேவைப்படும். அப்புறம், தயவுசெய்து நீலகிரித் தேயிலை கொண்டு வராதீர்கள், அம்மா கோபித்துக்கொள்வார்.